இரண்டு மணிக்கு மேல் சோறு கிடையாது

"புளிச்சோறு கட்டித் தர்றேன்டா" என்றாள் அக்கா. "பிரான்ஸ் வரைக்கும் வந்து புளிச்சோறா?" என்று வீராப்பாக மறுத்தது நான்தான். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

மச்சானும் நானும் துலூஸிலிருந்து காரில் கிளம்பினோம். போகும் ஊர் கொங்க். அம்மா போனில், "அங்கேயும் ஒரு கொங்கு நாடா?" என்று கேட்டார். லத்தீனில் 'கோன்கா' என்றால் சிப்பி, சங்கு. ஊஷ் என்ற ஓடை தூர்தூ ஆற்றோடு சேரும் இடத்துக்கு மேலே, மலைச்சரிவு சிப்பிபோலக் குழிந்திருக்கிறது. அதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது கிராமம். மரச்சட்டம் போட்ட வீடுகள், கற்பலகை வேய்ந்த கூரைகள். சமதரை என்று ஒன்று அந்த ஊரில் என் கண்ணில் படவில்லை.

வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். உணவகத்து அம்மா சிரித்த முகத்தோடு, "சமையலறை மூடியாச்சு, இனி ஏழு மணிக்கு" என்றார். பிரெஞ்சுக் கிராமங்களில் பசிக்கும் நேரத்துக்குச் சாப்பிட முடியாது. சாப்பாட்டு நேரத்துக்குப் பசிக்க வேண்டும். அடுத்த கடையிலும் அதே சிரிப்பு.

சரி, செவிக்கும் கண்ணுக்கும் ஈவோம் என்று சேன்த் ஃபுவா தேவாலய வாசலுக்குப் போனோம். வாசலுக்கு மேலே 12-ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம், மொத்தம் 124 உருவங்கள். சொர்க்கத்தில் எல்லோரும் பள்ளிப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் ஒழுங்காக நிற்கிறார்கள். கலகலப்பெல்லாம் நரகத்தில்தான். கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிறான் கஞ்சன். மூக்கு முட்டக் குடித்தவன் தலைகீழாகத் தொங்கி வாந்தி எடுக்கிறான். இன்னொரு பக்கம் வேட்டைக்காரனைக் கம்பியில் கோத்து வாட்டுகிறது முயல். பார்க்கிறவன் பயப்பட வேண்டிய இடம். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

இந்த ஊரின் வாழ்வே ஒரு திருட்டில் தொடங்கியது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புனித ஃபுவா ஆஜன் ஊரில் கொல்லப்பட்ட சிறுமி. அவளுடைய எலும்புகளுக்கு அங்கே பெரிய மவுசு. கொங்க் மடத்திலிருந்து ஒரு துறவி அங்கே போய்ச் சேர்ந்து, ஏறத்தாழ பத்து வருடம் நல்ல பிள்ளையாக இருந்து, காவல் பொறுப்பே கைக்கு வந்ததும் 866-ஆம் ஆண்டு வாக்கில் எலும்புகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது கதை. அப்புறம் ஸ்பெயினில் இருக்கும் புனிதத் தலமான சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரிகர்கள் இந்த வழியாக வரத் தொடங்க, காணிக்கை கொட்டியது. கருவூலத்தில் பொன்னும் மணியும் போர்த்திய ஃபுவா சிலை இருக்கிறது. உயரம் 85 சென்டிமீட்டர்தான், முறைப்பு ஏழடிக்கு. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர் மக்கள் பொக்கிஷங்களை வீடுகளில் ஒளித்துவைத்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்களாம். திருடிக் கொண்டுவந்த ஊரில் இப்படியொரு நாணயம்!

தேவாலயத்துக்கு உள்ளே 104 சாளரங்கள். பக்கத்து ரொதேஸ் ஊரில் பிறந்த ஓவியர் சூலாஜ் வடிவமைத்தவை, 1994-இல் முடிந்தன. வண்ணமே இல்லாத கண்ணாடி, கறுப்புக் கோடுகள். "இன்னும் பெயின்ட் அடிக்கலையா மாப்ளே?" என்றார் மச்சான். நான் ஒரு தூண் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே வெயில் நகர நகர அந்த வெள்ளைக் கண்ணாடியில் நீலமும் மஞ்சளும் மாறி மாறி வந்தன. பசி மறந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்.

அப்புறம் ஷார்லமேன் தெரு வழியாக ரோமன் பாலம் பார்க்க இறங்கினோம். பேர்தான் ரோமன், கட்டியது இடைக்காலத்தில். இறங்கியது சுகம். ஏறும்போது, முதுகில் பையோடு வந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் எங்களை முந்திப் போனார். நடந்தே வரும் யாத்திரிகர்.

ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆட்கள் நாங்கள்தான். அலிகோ வந்தது. மசித்த உருளைக்கிழங்கில் பாலாடைக்கட்டியைப் போட்டு, கயிறுபோல இழுபடும்வரை கிண்டியது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். இருட்டியதும் சிற்பத்துக்கு வண்ண விளக்கு போட்டார்கள். தலைகீழாகத் தொங்குகிறவன் மதியத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தான்.

குளிர, ஜாக்கெட் எடுக்க டிக்கியைத் திறந்தேன். ஜாக்கெட்டுக்கு அடியில் வாழையிலை மணம். அக்கா சொல்லாமல் வைத்திருந்த புளிச்சோறு, நான்கு பொட்டலம். ஒன்றைப் பிரித்தேன்.

"அங்க மேல இன்னொரு ஆளு தொங்க இடமிருக்கான்னு பாத்துட்டு வரட்டுமா?" என்றார் மச்சான், இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.