மாலை போட்டவனும் உபவாசம் இருந்தவனும்

கல்லூரி விடுதியில் எங்கள் அறையில் மூன்று பேர். ஒருவன் வருடா வருடம் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவான். அதுவரை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காதலியோடு போனில் குசுகுசுத்தவன், அவளோடு எங்கே போய் வந்தான் என்று கேட்காமலேயே விவரமாகச் சொன்னவன், மறுநாளிலிருந்து விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு செருப்பில்லாமல் வகுப்புக்கு வருவான். லேப்டாப்பில் இருக்கும் ‘அந்த’ ஃபோல்டர் பென் டிரைவுக்குப் போகும், பென் டிரைவ் என் பெட்டிக்கு வரும். ஒருநாள் காதலி போன் செய்தபோது வாய் தவறி “சொல்லுங்க சாமி” என்றுவிட்டான். ஒரு வாரம் பேசவில்லை அவள். ஆனால் 48 நாளும் நிஜமாகவே சுத்தம். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றியதும் முதல் வேலையாக என்னிடம் பென் டிரைவ் கேட்பான்.

இன்னொருவன் பெந்தெகொஸ்தே. அவனுக்கு 48 நாள் கணக்கெல்லாம் கிடையாது, கல்யாணம் வரைக்கும். வாலிபர் கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொடுத்தவன். காதலியும் அதே சபைதான். மாதம் ஒருமுறையாவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து “விழுந்துட்டேன்டா” என்பான். சரி, விழுவது தெரிகிறது, ஆணுறையாவது வாங்கி வைத்துக்கொள்ளேன் என்றால் கோபம் வரும். வாங்கிப் பையில் வைத்தால் திட்டம் போட்டுச் செய்த பாவமாம். தானாக நடந்தால் பலவீனம், அதை ஆண்டவர் மன்னிப்பார்.

அன்றைக்குச் சிரித்தேன். அப்புறம் பல வருடம் கழித்து, 2009இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஜேனட் ரோசன்பாம் என்ற ஆய்வாளர் எழுதிய ஆய்வைப் படித்தபோது இவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. கல்யாணம் வரை உடலுறவு வேண்டாம் என்று உறுதிமொழி எடுத்த அமெரிக்க இளைஞர்களையும், பக்தியில் அவர்களைப் போலவே இருந்தும் உறுதிமொழி எடுக்காதவர்களையும் ஒப்பிட்டிருக்கிறார். 5 வருடம் கழித்துப் பார்த்தால் உடலுறவு விஷயத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை, உறுதிமொழி எடுத்தவர்களில் 82 சதவீதம் பேர் அப்படி எதுவும் எடுக்கவே இல்லை என்கிறார்கள். வித்தியாசம் இருந்தது ஆணுறையிலும் மற்ற கருத்தடையிலும்தான். உறுதிமொழிக்காரர்கள் அவற்றைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள்.

மாலை மட்டும் எப்படி வேலை செய்தது என்றால், அது கழுத்தில் தெரியும். டீக்கடைக்காரர் வரைக்கும் சாமி என்று கூப்பிடுவார், சிகரெட் கேட்டால் தரமாட்டார். முடியும் நாளும் தெரியும். மற்றவனுடையதை அவனும் ஆண்டவரும் மட்டுமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசி செமஸ்டரில் பெந்தெகொஸ்தேக்காரனின் காதலிக்கு நாள் தள்ளிப்போனது. பரிசோதனைக் கிட் வாங்கக்கூட கடைக்குப் போகாமல் இவன் உபவாசம் இருந்தான், வெறும் தண்ணீர், ராத்திரியெல்லாம் முழங்காலில். அவள் அந்த நாட்களில் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். ஐந்தாம் நாள் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. அன்றிரவு அறைக்கு மொத்தமாக இருபது பரோட்டா வாங்கி வந்தான். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரித்தான்.