நாமக்கல் பாறையை ‘மணற்கல் மேடு’ன்னு சொல்லாதீங்க

நாமக்கல் மலைக்கோட்டைப் படத்தைப் போட்டு, கீழே ‘நம்ம ஊர் மானுமென்ட் வேலி’ என்று எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறை, உச்சியில் தட்டையாக ஒரு கோடு. தூரத்திலிருந்து அந்த மானுமென்ட் வேலி (Monument Valley) என்கிற அமெரிக்கப் பாலைவனத்துச் சிவப்பு மணற்கல் மேடு போலத் தெரியும், சரி. ஆனால் தட்டையாகத் தெரிவது கோட்டை மதில், பாறை இல்லை. மதிலை மறைத்துவிட்டுப் பாருங்கள், கவிழ்த்து வைத்த சட்டிதான் மிச்சம். அங்கே மேசை, இங்கே சட்டி. ஏன் இப்படி என்பதை ஈரோட்டிலிருந்து ஒரே நாளில் போய், கையால் தொட்டே பார்த்துவிடலாம். வழி, செலவு, பாறை, சாப்பாடு என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு வழியாக நாமக்கல் சுமார் 55 கிலோமீட்டர். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். விடியற்காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும்.

சேலத்திலிருந்தோ கரூரிலிருந்தோ வருகிறவர்கள் ஏறும்போதே “பழைய பஸ் ஸ்டாண்டு போகுமா?” என்று கேளுங்கள். “நாமக்கல் போகுமா?” என்று கேட்டால் எல்லாரும் போகும் என்றுதான் சொல்வார்கள். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே முதலைப்பட்டியில் இருக்கிறது. பழைய நிலையத்திலிருந்து மலை நடக்கிற தூரம். வெளியே இறங்கிவிட்டால் அடுத்த நிமிடம் ஆட்டோ வந்து நிற்கும். மலையடிவாரத்துக்கு 250 ரூபாய் கேட்கிறார்கள், பேசினால் 150. அதுவும் அநியாயம்தான், நகரப் பேருந்தில் சில்லறையில் முடிகிற தூரம் அது. பத்து நிமிடம் நின்றால் போதும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அந்தச் சலுகை வெளியூர்ப் பேருந்தில் கிடையாது. அதை மனதில் வைத்துப் பட்ஜெட் போடுங்கள். ஆளுக்கு 500 ரூபாய்க்குள், மதியச் சாப்பாட்டோடு, தாராளமாக முடியும்.

இனி பாறை. ஏறுவதற்கு முன்னால் அந்த அமெரிக்க மேடு எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டால்தான் நம்முடையதன் அருமை புரியும். அரிசோனா–யூட்டா எல்லையில், நவாஹோ மக்களின் நிலத்தில் இருக்கிற அந்த மேடுகளை ‘ப்யூட்’ என்பார்கள். உயரத்தைவிட அகலம் அதிகமாக இருந்தால் ‘மேசா’. நம் வீட்டு மேசையும் அந்த மேசாவும் ஒரே சொல்தான்; ஸ்பானிய மொழியில் அங்கே போனது, போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்தது. அங்கே பாறை அடுக்கடுக்காகப் படிந்தது. அடியில் ஆர்கன் ராக் என்ற களிப்பாறை, நடுவில் டி ஷே மணற்கல், அதன்மேல் மோயன்கோபி என்ற அடுக்கு, உச்சியில் தொப்பி போலச் சினாரம்ப் என்ற கூழாங்கல் பாறை. நடுவிலிருக்கும் மணற்கல் ஒரு காலத்தில் காற்றடித்துக் குவித்த மணல்தேரி. வயது 28 கோடி ஆண்டுக்குப் பக்கம். சிவப்பு நிறம் இரும்புத்துரு.

அடியிலிருக்கிற களிப்பாறை சீக்கிரம் அரித்துவிடும். மண்சுவரின் அடியை மழைத்தண்ணீர் தின்றால் என்ன ஆகும் என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மேல்சுவர் பிளந்து துண்டாக விழும், மிச்சம் நிற்கிற சுவர் செங்குத்தாகவே நிற்கும். அங்கேயும் அதேதான். மணற்கல்லில் மேலிருந்து கீழாக வெடிப்புகள் ஓடுகின்றன. அடி அரிக்க அரிக்கப் பலகை பலகையாகக் கழன்று விழுகிறது. உச்சியில் கெட்டித் தொப்பி இருப்பதால் தலை தட்டையாகவே இருக்கிறது. அடுக்கு, வெடிப்பு, தொப்பி, மூன்றும் சேர்ந்தால்தான் ப்யூட்.

நாமக்கல்லில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கணக்காக இல்லை. படி ஏறும்போது வெட்டுப்பட்ட பாறைமுகத்தை விரலால் அழுத்தித் தேயுங்கள். மணற்கல்லாக இருந்தால் விரலில் மணல் ஒட்டும். இதில் ஒரு துகள் வராது. கையில் இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். காய்ந்த பாறை வெறும் சாம்பல் நிறம். நனைந்ததும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் எழும்பி வரும், சில இடங்களில் புடவைக்கரை போல நெளிந்து. மடங்கி நெளிந்திருப்பதால் இது நீரிலோ காற்றிலோ படிந்து அப்படியே காய்ந்த அடுக்கு இல்லை. இந்த வட்டாரத்து அடிப்பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது. பூமிக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்து, நசுங்கி உருவானது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கிக்கொண்டு போங்கள், வீண்செலவு இல்லை. கண்ணாடிச் சில்லு போல எண்ணெய் மினுக்கத்தோடு இருப்பது வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ஸ்பார் என்ற கனிமம். கறுப்பாக இருப்பதில் பெரும்பகுதி ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம். சுத்தியல் மட்டும் வேண்டவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னம் அது. சாவியால் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அவ்வளவு ஆழத்தில் அழுத்தத்தில் கிடந்த பாறை, மேலே இருந்த சுமை அரித்துப் போனதும் நிமிர்கிறது. நிமிரும்போது மேற்பரப்புக்கு இணையாகத் தோல்தோலாக வெடிக்கிறது. சின்ன வெங்காயத்தை உரிக்கிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூலை எதுவும் மிஞ்சாது, அதனால்தான் சட்டி வடிவம். உரிய ஆரம்பித்த தோலை உள்ளங்கையால் தட்டினால் ‘பொள்’ளென்று சத்தம் வரும், பக்கத்திலேயே ஒட்டிக்கிடக்கிற பாறையில் கை வலிக்கும். இந்தச் சோதனையை அடிவாரத்தில் செய்யுங்கள், விளிம்பில் வேண்டாம்.

சுற்றிலும் எல்லாம் தரைமட்டமாகக் கிடக்கும்போது இந்தப் பாறை மட்டும் ஏன் 65 மீட்டர் எழும்பி நிற்கிறது? ஆழமான வெடிப்பு இதில் மிகக் குறைவு. சுற்றிலும் இருந்த பாறையில் வெடிப்பு அதிகம். வெடிப்பில் தண்ணீர் இறங்கும், ஃபெல்ஸ்பார் களிமண்ணாகும், பாறை உதிரும், பிறகு மழை வாரிக்கொண்டு போகும். கொங்கு நாட்டில் கிணறு வெட்டினால் மேலே செம்மண், அப்புறம் சுக்காங்கல், அப்புறம் உதிரிப்பாறை, கடைசியில் கெட்டிப்பாறை என்று வருவது இதனால்தான். ஊருக்கு ஊர் நிற்கிற கரடுகள் எல்லாம் ஆழமாக வெடிக்காமல் தப்பித்த பாறைகள்.

வெடிப்பில்லாத பாறையை 8ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதியர் மரபினர் காலத்து நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகள் இதே பாறையில்தான் இருக்கின்றன. உள்ளே போனால் சிற்பத்தைப் பார்த்த கையோடு சுவர் கூரையைத் தொடுகிற மூலையையும் பாருங்கள். நடுவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தால் உளி வைத்ததும் சிற்பம் போயிருக்கும். மணற்கல்லில் குடைந்தது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் கர்நாடகத்துப் பாதாமிக்குப் போங்கள். அங்கே 578ஆம் ஆண்டுக் குடைவரையின் சுவரில் படிவு வரிகள் குறுக்கே ஓடுவது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஏற இருபது நிமிடம் போதும். பாறையிலேயே வெட்டிய படிகள், சில இடங்களில் ஆழம் குறைவு, குதிகால் நிற்காது. பாறையில் கறுப்புக் கறுப்பாகக் கோடு இறங்குகிறதே, அது மழைநீர் வழக்கமாக ஓடும் தடம். அதில் பாசி வளரும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. தூறல் விழுந்தால் எண்ணெய் பூசின மாதிரி வழுக்கும். மழை பெய்த அன்று ஏறாதீர்கள். ஏறிவிட்டீர்கள் என்றால் கறுப்புக் கோட்டைத் தவிர்த்து வெளுத்த பாறையில் கால் வையுங்கள். மேலே நிழல் கம்மி. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. திரும்பும் வழியில் திருச்செங்கோட்டில் இறங்கி, படியேறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிடுகிறவர்கள் அதை முதலில் முடித்துவிடுங்கள். கறி அப்புறம். திருச்செங்கோட்டுக்கும் ஈரோட்டுக்கும் நடுவே பள்ளிபாளையம். அந்த ஊர்ச் சிக்கனை அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும். மசாலாத்தூள் கிடையாது. விதை நீக்கிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு, கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். தண்ணீர் ஊற்றாமல் கறி விடுகிற நீரிலேயே வேக வேண்டும். தட்டில் குழம்பு மாதிரி ஓடினால், தேங்காய் துருவலாகக் கிடந்தால், அது பள்ளிபாளையம் சிக்கன் இல்லை. அடுத்த கடைக்குப் போங்கள். சுடுசோற்றில் பிசைந்து, இடையில் அந்தத் தேங்காய்ப் பல்லு கடிபடும்போது, காலையில் ஏறின களைப்பெல்லாம் போய்விடும்.

சித்தம்பூண்டியை நடுவில் சொல்ல மறந்துவிட்டேன். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் பரமத்தி வேலூர்ப் பக்கம் போய் அங்கே கிடக்கிற வெளுத்த அனார்த்தோசைட் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். நிலாவின் மேட்டு நிலத்துப் பாறையும் இதே வகைதான். அதனால்தான் சந்திரயான்–2 சோதனைகளுக்குச் செயற்கை நிலா மண் செய்ய இஸ்ரோ இந்தச் சித்தம்பூண்டியிலிருந்தும் குன்னமலையிலிருந்தும் கல் எடுத்தது. பேருந்தை நம்பி இதைச் சேர்க்காதீர்கள், நாள் போதாது.

திருச்செங்கோட்டுச் சாலையோரம் வரிசையாக நிற்கிற ரிக் லாரிகளைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகிற வண்டிகள். அந்தத் தொழில் இந்த ஊரில் வேரூன்றியதை இந்தக் கெட்டிப்பாறையை விட்டுப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆறரை இஞ்ச் துளைக்குள் காற்றழுத்தத்தில் சம்மட்டி அடித்து இறங்கும், பாறைத்தூள் புகையாக மேலே வரும். தூள் காய்ந்தே வந்தால் வெடிப்பில்லாத பாறை, தண்ணீர் இல்லை. ஈரமாகி, நிறம் மாறினால் வெடிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். எங்காவது ரிக் ஓடிக்கொண்டிருந்தால், ஓரமாக நின்று அந்தத் தூளில் ஒரு பிடி அள்ளி லென்ஸில் பாருங்கள். காலையில் படியில் பார்த்த அதே கறுப்பும் வெளுப்பும் இருக்கும்.