502 பேட் கேட்வேயும் என்ஜின்எக்ஸும்: என் ரிவர்ஸ் ப்ராக்ஸி அனுபவம்

மச்சான் கடைக்கு பில்லிங் ஆப் ஒண்ணு நோட்.ஜேஎஸ்ல (சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற மென்பொருள்) எழுதி ராக்கி லினக்ஸ் சர்வர்ல ஏத்தியாச்சு, 3000 போர்ட்ல (போர்ட்னா சர்வரோட நெட்வொர்க் வாசல் நம்பர்) நல்லாவே ஓடுது. ஆனா அந்தப் போர்ட்டை அப்படியே வெளிய திறந்துவிட எனக்கு மனசு வரல. ஆப் 127.0.0.1ல மட்டும், அதாவது சர்வருக்குள்ள இருந்து வர்றத மட்டும் கேக்கட்டும், வெளிய 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) ரெண்டையும் என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் பாத்துக்கிட்டு ஆப்புக்கு அனுப்பட்டும், அதாவது ரிவர்ஸ் ப்ராக்ஸியா இருக்கட்டும்னு முடிவு பண்ணேன்.

கான்ஃபிக் சின்னதுதான், சர்வர் ப்ளாக், அதுக்குள்ள லொகேஷன், அதுக்குள்ள வர்ற கோரிக்கைய ஆப்புக்கு அனுப்புற ப்ராக்ஸி_பாஸ்னு ஒரு வரி. டெஸ்ட் பண்ணா சின்டாக்ஸ் ஓகே, ரீலோட் பண்ணி பிரவுசர்ல பாத்தா 502 பேட் கேட்வே, அதாவது பின்னாடி இருக்கற ஆப்கிட்ட இருந்து என்ஜின்எக்ஸுக்கு சரியான பதில் வரல! ஆனா சர்வர் உள்ளயே கர்ல் (கமாண்ட் லைன்ல பேஜ் கேக்கற டூல்) அடிச்சா ஆப் ஒழுங்கா பதில் சொல்லுது. இந்த மாதிரி நேரத்துல கான்ஃபிக்க நோண்டாதீங்க, நேரா என்ஜின்எக்ஸோட எரர் லாக்க தொறங்க. 111, கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு இருந்தா அந்தப் போர்ட்ல யாரும் கேக்கலன்னு அர்த்தம், பெரும்பாலும் ஆப் விழுந்திருக்கும். எனக்கு வந்தது 13, பெர்மிஷன் டினைடு. அது எஸ்இலினக்ஸ் (எந்த ப்ரோக்ராம் என்ன பண்ணலாம்னு கட்டுப்படுத்துற லினக்ஸ் பாதுகாப்பு) வேலை, வெப் சர்வர் தானா இன்னொரு போர்ட்டுக்கு கனெக்ட் பண்றத அது தடுக்குது. செட்செபூல் கமாண்ட்ல அதுக்கான அனுமதி எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்ட ஆன் பண்ணதும் பேஜ் வந்துடுச்சு (கேபிடல் பி ஆப்ஷன் சேத்துப் போடுங்க, இல்லன்னா ரீபூட் ஆனதும் போயிடும்). நெட்ல நிறைய பேர் எஸ்இலினக்ஸையே ஆஃப் பண்ணுன்னு சொல்றாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க, ஒரு கதவு திறக்கணும்னா ஒரு கதவத்தான் திறக்கணும்.

அடுத்து எச்டிடிபிஎஸ்க்காக சர்ட்பாட்ங்கிற டூல் வெச்சு லெட்ஸ் என்க்ரிப்டோட இலவச சர்டிபிகேட் போட்டேன், அதுல சிக்கலே இல்ல. சிக்கல் லாகின்ல வந்துச்சு. பாஸ்வேர்ட் சரி, ஆனா திரும்ப லாகின் பேஜுக்கே வந்து நிக்குது. காரணம் என்னன்னா பிரவுசருக்கும் என்ஜின்எக்ஸுக்கும் நடுவுலதான் எச்டிடிபிஎஸ், அங்கேர்ந்து ஆப்புக்குப் போறது சாதா எச்டிடிபி, அதனால செக்யூர்னு (எச்டிடிபிஎஸ்ல மட்டும் போகணும்னு) குறிச்ச செஷன் குக்கிய எக்ஸ்பிரஸ் (ஆப் எழுதப் பயன்படுத்தின நோட் ஃப்ரேம்வொர்க்) அனுப்பவே மாட்டேங்குது. பிரவுசர் வந்தது எச்டிடிபிஎஸ்லன்னு ஆப்புக்குச் சொல்ற எக்ஸ்-ஃபார்வேர்டட்-ப்ரோட்டோ ஹெடர என்ஜின்எக்ஸ்ல சேத்து, எக்ஸ்பிரஸ்ல ட்ரஸ்ட் ப்ராக்ஸிய (எந்த ப்ராக்ஸி சொல்றத நம்பணும்ங்கிற செட்டிங்) லூப்பேக்னு, அதாவது அதே சர்வர்னு வெச்சதும் உள்ள விட்டுச்சு. கூடவே ஹோஸ்ட் (டொமைன் பேர்), எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் (கஸ்டமரோட ஐபி) ரெண்டும் அனுப்புங்க, இல்லன்னா ஆப் லாக்ல எல்லா கஸ்டமரும் 127.0.0.1ல இருந்து வந்த மாதிரியே தெரியும். ட்ரஸ்ட் ப்ராக்ஸிக்கு ட்ரூன்னு சும்மா போட்டுடாதீங்க, எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் ஹெடர வெளிய இருந்து யார் வேணா பொய்யா எழுதி அனுப்பலாம்.

அப்புறம் பொருள் போட்டோ ஏத்தும்போது 413 (அனுப்புறது ரொம்பப் பெருசுங்கிற எரர்) வந்துச்சு, என்ஜின்எக்ஸ் டீஃபால்ட்டா 1 எம்பிக்கு மேல வாங்காது, க்ளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ 10 எம்பி ஆக்கிட்டேன். கடைசியா மொபைல் டேட்டாவுல இருந்து 3000 போர்ட்ட தட்டிப் பாத்தேன், திறக்கல, 443ல மட்டும் பில் பேஜ் வந்துச்சு.