ஹார்ட்விக் ஹால்: மேலே போகப் போக உயரும் ஜன்னல்கள்

இங்கிலாந்தின் டெர்பிஷையரில் குன்றின் மேல் நிற்கும் ஹார்ட்விக் ஹால் மாளிகைக்குப் போனால் உடனே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். மேற்கு முகப்பின் எதிரே நின்று ஜன்னல்களை மட்டும் கீழிருந்து மேலாகப் பாருங்கள். சாதாரணமாக மாடி ஏற ஏற அறைகளின் உயரம் குறையும். இங்கே நேர்மாறு. தரைத்தளத்தில் சமையலும் வேலைக்காரர்களும். முதல் மாடியில் வீட்டுக்காரி பெஸ் புழங்கிய அறைகள். ராணியையே வரவேற்கத் தகுந்த கூடங்கள் உச்சியில். மிக உயரமான ஜன்னல்களும் அங்கேதான். எந்தத் தளத்தில் யாருக்கு இடம் என்பதை முகப்பே சொல்லிவிடுகிறது.

வேலை 1590-ல் தொடங்கியது. ஷ்ரூஸ்பரி பிரபுவின் விதவையான பெஸ் 1597-ல் குடியேறினார். ஆறு கோபுரங்களின் தலையிலும் ES (எலிசபெத் ஷ்ரூஸ்பரி; பெஸ் என்பது எலிசபெத்தின் சுருக்கம்) என்ற தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்.

கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் என்பார்கள். அவருடைய கெட்டிக்காரத்தனம் எனக்குப் புகைபோக்கிகளில்தான் தெரிந்தது. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடியானால் கணப்பு அடுப்புகளை எங்கே வைப்பது? பெரும்பாலானவற்றை உள்சுவர்களுக்குள் தள்ளிவிட்டார். தவிர்க்க முடியாத இடங்களில் வெளியே ஜன்னல் இருக்கும், அதன் பின்னால் புகைபோக்கி ஓடும். முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாது என்பதற்காக இத்தனை பாடு!

உள்ளே அகலமான கல் படிக்கட்டு வீட்டை ஊடறுத்து, திரும்பித் திரும்பி ஏறுகிறது. அது கொண்டுபோய் விடும் பெரிய கூடத்தில், சுவரின் மேற்பகுதியைச் சுற்றி வண்ணம் பூசிய சுதை வேலைப்பாடு: காடு, மான்கள், நடுவே ரோமானியரின் வேட்டைத் தெய்வமான டயானா தேவி. அடுத்து, ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள நீள்கூடம். பைபிளில் வரும் கிதியோனின் கதையைப் படமாக நெய்த சுவர்ச் சீலைகள் 13 அங்கே தொங்குகின்றன. முதலாம் எலிசபெத் ராணியின் அமைச்சராக இருந்த கிறிஸ்டோபர் ஹாட்டன் வீட்டிலிருந்து 1592-ல் வாங்கியவை. அவருடைய குலச்சின்னத்தை மறைத்துத் தன்னுடையதை ஒட்டும் செலவுக்காக 5 பவுண்டு குறைத்துக் கேட்டு வாங்கியிருக்கிறார் பெஸ். ஹாட்டன் சின்னத்தின் பெண்மானுக்குக் கொம்பு வரைந்து கலைமானாக்கி விட்டார்கள். கழுத்தை நிமிர்த்தி அந்தக் கொம்புகளைத் தேடிக் கண்டுபிடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு மனக்குறை. நூல் வெளுக்காமல் இருக்க ஜன்னல் திரைகளை இறக்கி வைக்கிறார்கள். சீலைகளுக்காக அது சரிதான், மறுக்க மாட்டேன். ஆனால் வெளிச்சத்துக்காகவே கட்டிய கூடம் இது. ஆண்டில் ஒரு நாளாவது, சீலைகளை மூடிவிட்டுத் திரைகளை முழுக்கத் தூக்கிக் காட்டலாம். அந்த நாளைக்கு எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நான் போவேன்.