தேனீக்களுக்காக ஒரு கொல்லை: இதுவரை செய்தது

கொல்லையில் ஒரு பகுதியைத் தேனீ, பட்டாம்பூச்சிகளுக்கென்று ஒதுக்கி ஆரம்பித்த வேலை இப்போது ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. பூச்செடி வைப்பது இதில் பாதி வேலைதான் என்பது என் அனுபவம். தேனீ வந்து தேன் குடித்துவிட்டுப் போவது வேறு, இங்கேயே கூடு கட்டிப் பெருகுவது வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன்.

செடிகள் பற்றிச் சுருக்கமாக. சூரியகாந்தி, காஸ்மோஸ், துளசி, ஒற்றையடுக்குச் செவ்வந்தி. அடுக்கடுக்கான இதழ் உள்ள ரகங்களை வைக்கவில்லை, அவற்றில் பலவற்றில் மகரந்தம் தரவேண்டிய பாகங்களே இதழாக மாறிப்போயிருக்கும், இருக்கும் கொஞ்சம் தேனும் பூச்சிக்கு எட்டாது. ஒவ்வொரு வகையையும் அங்கொன்று இங்கொன்றாக நடாமல் கொத்தாக நட்டேன், ஏனென்றால் தேனீ ஒரு தடவை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவாகத் தேடிப் போகும். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நமக்குத் தெரியாத புற ஊதா தெரியும், அதனால் நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளைக்குத்தான் முதலிடம். துளசியில் பாதியைக் கதிர் கிள்ளாமல் விட்டதற்கு உடனே பலன் தெரிந்தது, காலையில் அந்த வரிசை முழுக்க ரீங்காரம்தான்.

அப்புறம் குடியிருப்பு. உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதே இல்லை, ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாகத் தன் கூட்டைக் கட்டும், அதிலும் பல இனங்கள் மண்ணுக்குள்தான். நாமோ தோட்டம் முழுக்க மண்ணைச் சருகு, வைக்கோலால் மூடி மூடாக்குப் போட்டுவிடுகிறோம். நான் வெயில் நன்றாக விழும் ஒரு துண்டு நிலத்தை மூடாக்கு இல்லாமல், கொத்தாமல், தண்ணீர் தேங்காமல் அப்படியே விட்டேன். கொஞ்ச நாள் எதுவும் நடக்கவில்லை. பிறகு பென்சில் பருமனில் ஓட்டைகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சின்ன மண் குவியல். வயிற்றில் பளபளவென்று நீலப் பட்டை போட்ட தேனீதான் தோண்டுகிறது. அதன் ஆண்களுக்குக் கூடு கிடையாது, சாயங்காலம் ஆனதும் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். காய்ந்த தண்டுகளை வெட்டிச் சுத்தம் செய்யாமல் விட்டிருப்பது அதற்காகவும்தான். ஒரு முனை கணுவால் அடைபட்ட மூங்கில் குழல்களையும் மழை படாத இடத்தில் கட்டியிருக்கிறேன். சிலவற்றின் வாயை இலைவெட்டித் தேனீ இலைத் துண்டுகளால் அடைத்துவிட்டது, ரோஜா இலைகளின் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டுப்பட்டிருக்கிறது, செடிக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. ஒரே குழல்களை வருடக்கணக்கில் வைத்திருந்தால் உண்ணியும் பூஞ்சையும் சேரும், தேனீக்கள் வெளியே வந்தபின் மாற்ற வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கத்தரிப் பூவில் நடப்பது. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தப்பை வெடித்துத் திறக்காது, நுனியில் சிறு துளை மட்டும் இருக்கும், உலுக்கினால்தான் தூள் கொட்டும். நீலப் பட்டைத் தேனீயும் கருப்பாகப் பெரிதாக இருக்கும் தச்சுத் தேனீயும் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது வரும் சத்தத்தைவிடக் கூர்மையான ஒரு விர்ர், அந்தக் கணமே அதன் வயிறு மஞ்சளாகிவிடும். தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை வராது. காய்கறி போடுபவர்கள் மற்ற தேனீக்களையும் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

பூச்சிமருந்து அறவே கிடையாது. அவரையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தபோதும் பொறுத்திருந்தேன், பொறிவண்டும், அந்தரத்தில் நின்று பறக்கும் மலர் ஈயின் புழுக்களும் வந்து தின்று தீர்த்தன. நாற்று வாங்கினால் மருந்து போட்டு வளர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். செடிக்குள் ஊடுருவும் மருந்து மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். இமிடாகுளோபிரிட் உட்பட அந்த வகை மருந்துகள் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை போட்டது தேனீக்களைக் கருதித்தான்.

தண்ணீருக்கு அகலமான தட்டில் கூழாங்கல் போட்டு வைத்திருக்கிறேன், தினமும் மாற்றுகிறேன். பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கு எலுமிச்சையும் எருக்கும் இருக்கின்றன.

இப்போதைய குறை, சூரியகாந்தி முடிந்ததும் பூவே இல்லாத ஒரு இடைவெளி விழுகிறது. அடுத்த முறை விதையை ஒரேயடியாகப் போடாமல் இடைவெளி விட்டு மூன்று நான்கு தவணையாகப் போடப் போகிறேன். இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்கு வெள்ளையாக, மணமாகப் பூக்கும் ஏதாவது ஒன்றும் வேலி ஓரத்தில் வைக்க வேண்டும்.