அம்மாவின்ர முழங்காலுக்கு ஒரு சூப்

ஐப்பசி மழை தொடங்கினால் அம்மாவுக்கு முழங்கால் பிடிச்சுக்கொள்ளும். திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றம் ஏறவே பயப்படுவா. கன்னியாவில ஏழு சுடுதண்ணிக் கிணத்திலயும் அள்ளிக் குளிச்சால் அன்றைக்குச் சுகம், அவ்வளவுதான். அதனால மழை நாட்களில பின்னேரம் இந்த சூப் கட்டாயம் வைப்பன்.

பச்சை மஞ்சள் ஒரு துண்டு, இஞ்சி, நாலு பல்லு உள்ளி, ஒரு தேக்கரண்டி மிளகு, அதில பாதி சீரகம். உரலில இடிச்சு நல்லெண்ணெயில வதக்கவேணும். மிளகைக் குறைக்காதேங்கோ. மஞ்சளில இருக்கிற குர்குமின் தனிய உடம்பில லேசில சேராது; மிளகில உள்ள பைப்பரின்தான் சேர வைக்கும். எங்கட பழைய ஆக்கள் இரண்டையும் ஒண்டா இடிச்சதை நினைக்க எனக்குப் பெருமையா இருக்கு.

பிறகு கரட், லீக்ஸ், பூசணி, ஒரு லீற்றர் தண்ணி. மரக்கறி அவிஞ்சதும் வேலியில படர்ந்திருக்கிற முடக்கொத்தான் இலை ஒரு பிடி அரிஞ்சு போட்டு, ரெண்டு கொதியில இறக்கி, தேசிப்புளி விடுவன்.

சூடாக் குடிச்சால் கால் இளகினமாதிரி இருக்கு எண்டு அம்மா சொல்லுவா. கிளினிக்கில தந்த குளிசையையும் விடாமல்தான் குடுக்கிறன். அவவுக்குப் பிறசரும் இருக்கிறதால உப்பு மட்டும் அரைவாசி.