ஜாகுவார் எக்ஸ்கே120 பார்க்கப் போய் ஜெட் சென்டரிங் கற்று வந்தேன்

என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபியின் முன் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) ஒருவழியாக ‘டக்’ என்றுவிட்டது. எஸ்யு நிறுவனத்தின் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்கு மீதிக் கதை.

என்னுடையது இரட்டை எச்எஸ்4 எஸ்யு கார்புரேட்டர், ஸ்பிரிங் வராத பழைய வகை நீடில். பெட்ரோல் வரும் துளையுள்ள ஜெட்டுக்குள், கார்புரேட்டரின் பிஸ்டனோடு ஏறி இறங்கும் ஊசிதான் நீடில். பிற்காலத்தில் வந்த ஸ்பிரிங் நீடிலில் ஜெட்டை நடுவில் நிறுத்தும் வேலையே (ஜெட் சென்டரிங்) கிடையாது. ஜெட்டின் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி இருக்கும்படியே அதைச் செய்துவிட்டார்கள். கொடுத்துவைத்தவர்கள். நம்முடையதில் நீடில் ஜெட் துளையின் நட்டநடுவில் இறங்கியாக வேண்டும். கொஞ்சம் உரசினாலும் பிஸ்டன் பாதி வழியில் தயங்கும், ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், பெட்ரோல்-காற்று மிக்சரை எவ்வளவு திருகினாலும் பிடிபடாது.

பின் கார்புரேட்டர் சொன்னபடி கேட்டது. முன்னது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஜெட் நட்டைத் தளர்த்தி, பிஸ்டனை அழுத்தி, நடுவில் நிறுத்தி இறுக்குவேன். இறுக்கி முடித்துப் பிஸ்டனைத் தூக்கி விட்டால், நடுவில் நின்றதற்கு அடையாளமான ‘டக்’ வராது, ‘சொத்’ என்று உட்காரும். மேனுவலில் உள்ளதை வரிக்கு வரி செய்தும் அதே சொத். புது ஜெட் வாங்கிப் போட்டேன். பளபளப்பில் குறையில்லை, துளையின் விளிம்பில் பிசிறு. விற்றவரிடம் கேட்டதற்கு “ஓடஓடச் சரியாகிவிடும்” என்றார். எது ஓட?

அப்போதுதான் தெரிந்தவர் மூலமாக ஒரு தனியார் சேகரிப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அரிய வண்டிகள் ஒரு கூடம் நிறைய. மெர்சிடிஸ் 300எஸ்எல் கல்விங் ஒன்று நின்றது, 1954 முதல் 1957 வரை மொத்தமே 1,400 செய்த கூபே. இறக்கைக் கதவைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அந்தக் கதவுக்குக் காரணமே பக்கவாட்டில் உயரமாக ஓடும் குழாய்ச் சட்டம்தான். சாதாரணக் கதவு வைக்க அங்கே இடம் ஏது? பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் போஷ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் என்பதால் கார்புரேட்டர் தொல்லை இல்லை என்று பொறாமைப்பட்டேன். அதில் வேறு வம்பு. இக்னிஷனை அணைத்த பிறகும் இன்ஜின் சுற்றி நிற்கும்வரை பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டிருக்கும், அது சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயிலை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் கொண்ட பிரெஞ்சுக் கார் சிட்ரோவன் டிஎஸ் ஒன்றை எங்களுக்காக ஸ்டார்ட் செய்தார்கள். படுத்திருந்த வண்டி நிதானமாக எழுந்து நின்றது. எனக்கு அதைவிடப் பிடித்தது, ஹைட்ராலிக் டேங்க் மூடியில் பச்சை பெயின்ட்டில் போட்டிருந்த பெரிய அடையாளம். தொடக்க கால டிஎஸ்களில் சிவப்பு திரவம், பிந்தியவற்றில் பச்சை மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல்கள் மொத்தமும் போச்சு. பல பேர் கைபடும் இடத்தில் இப்படித்தான் எழுதிவைக்க வேண்டும்.

சரி, எக்ஸ்கே120க்கு வருகிறேன். 1948 லண்டன் மோட்டார் ஷோவில் ஜாகுவார் காட்டிய வண்டி, 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை கேம். நான் போனதே அதன் இரட்டை எஸ்யு எச்6 கார்புரேட்டர்களைப் பார்க்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கென்றே தனியாக வைத்த மூன்றாவது குட்டிக் கார்புரேட்டர் காற்று இழுக்கும் சத்தம் அது. கூலன்ட் சூடானதும் தெர்மோ சுவிட்ச் அதைத் தானாக அணைக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த சுவிட்ச் செத்துப்போய், டேஷ்போர்டுக்குக் கீழே கையால் போடும் சுவிட்ச் வைத்திருப்பார்கள். இதில் ஒரிஜினலே வேலை செய்தது. உஸ் நின்றதும் வந்த ஐடிலிங்கைக் கேட்டபோது வீட்டில் இருக்கும் என் வண்டியை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

வண்டிகளைப் பராமரிக்கும் பெரியவரிடம் என் சொத் புராணத்தைச் சொன்னேன். “இறுக்கும்போது பேரிங்கும் கூடவே சுத்துது தம்பி, அதான்” என்றார். பேரிங் என்றால் ஜெட்டைத் தாங்கும் குட்டிக் குழாய். பணிமேஜையில் கழற்றி வைத்திருந்த ஒரு கார்புரேட்டரிலேயே செய்து காட்டினார். பிஸ்டனின் துள்ளலை அடக்கும் டாம்பரை எடுத்துவிட்டு அந்தத் துளை வழியே பென்சிலால் பிஸ்டனை லேசாக அழுத்திப் பிடித்தார். இதுவரை நானும் செய்வதுதான். வித்தியாசம் இனிமேல்தான். ஜெட் பேரிங் விரலால் சுற்றும் அளவுக்கு மட்டுமே நட்டைத் தளர்த்தினார். ஒரே இழுப்பில் இறுக்கவில்லை. நட்டை ஒரு சிட்டிகை நகர்த்துவது, பிஸ்டனைத் தூக்கி விட்டுக் கேட்பது, மறுபடி ஒரு சிட்டிகை. சத்தம் மங்கினால் அந்த நொடியே பின்வாங்குவார். கடைசியில் ஜெட்டை முழுக்க மேலே வைத்து ஒரு டக், முழுக்க இறக்கி இன்னொரு டக். இரண்டும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். இறக்கி வைத்தபோது சத்தம் கூர்மையாகக் கேட்டால் இன்னும் நடுவுக்கு வரவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு டக் ஒப்பீடு மேனுவலிலும் இருக்கிறது, ஆனால் எவ்வளவு சின்ன வித்தியாசத்தைத் தேடுகிறோம் என்பது காதால் கேட்டால்தான் புரிகிறது.

அப்புறம் டிராப் டெஸ்ட்டும் செய்யச் சொன்னார். பிஸ்டனும் அதன் மேல்கூடும் ஜோடி போட்டுச் செய்தவை. பழைய வண்டிகளில் யாராவது முன்னதையும் பின்னதையும் மாற்றிப் போட்டிருப்பார்களாம். துளைகளை அடைத்து, தலைகீழாகப் பிடித்து, கூடு இறங்கும் நேரத்தைப் பார்ப்பது. ஒன்றரை அங்குலக் கார்புரேட்டருக்கு 5 முதல் 7 விநாடி. என்னுடையவை இரண்டுமே அதற்குள் வந்தன. முந்தைய உரிமையாளரை மனதுக்குள் திட்டத் தயாராக இருந்தேன், அவர் தப்பித்தார்.

வீட்டுக்கு வந்து பிசிறு ஜெட்டைத் தூக்கிப் போட்டேன். இங்கிலாந்தின் பர்லன் இன்றும் எஸ்யு பாகங்களைத் தயாரிக்கிறது. அங்கிருந்து வரவழைத்த ஜெட் ஏற்கெனவே கையில் இருந்தது. சிட்டிகை சிட்டிகையாக இறுக்கி, காது வலிக்கக் கேட்டு, இரண்டு டக்கும் ஒன்றானதும் பிஸ்டனைச் சற்றே தூக்கும் லிஃப்ட் பின்னைத் தொட்டுப் பார்த்தேன். பின்னை மெல்லத் தூக்கினால் ஆர்பிஎம் சற்றே ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தது. மிக்சர் சரி.

ஒரே குறை, பின் கார்புரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு. கிளீனரை அதன் பக்கத்தில் அடித்தால் ஐடிலிங் மாறுகிறது, காற்று இழுக்கிறது. அச்சைத் தாங்கும் புஷ் மாற்ற, துளையைச் சீராக்கும் ரீமர் தேவை, நல்ல ரீமர் இரவல் தர யாரும் முன்வரவில்லை. அதற்குள் வயர் வீலைக் கழற்றி ஸ்போக் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு கார்புரேட்டருக்கும் காற்றைச் சமன் செய்வது ஸ்பிண்டில் முடிந்த பிறகுதான்; ஓட்டை வழியே காற்று இழுக்கும்போது சமன் பார்ப்பது வீண் வேலை.